அடுப்பெரியாத மூணு நாள்

வள்ளிமயிலோட தலையணையில செகப்பா இருந்ததைப் பார்த்ததும் வெத்தலைச் சாறுன்னுதான் நெனச்சேன். அவ வெத்தலை போடமாட்டாள்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அப்படித்தான் நெனச்சேன், வேற எதையும் நெனைக்க மனசு ஒப்பலை. அவ புருசன் காசிராஜனைச் சுடுகாட்டுல வச்சுட்டு வந்து நாலாம் நாள் காலை அது. எந்திரி தாயி, மூஞ்சியைக் கழுவுன்னு எழுப்பினேன். வாயைத் தொறந்தா. பல்லிடுக்கு பூரா ரத்தம். கையைப் பிடிச்சுத் தூக்கினேன். நான் பிடிச்ச எடத்துல கொஞ்ச நேரத்துலயே அஞ்சு விரலும் நீலமாப் பதிஞ்சு தெரிஞ்சுச்சு.

பக்கத்துல இருந்த பொம்பளைக, அழுது அழுது ஈறு புண்ணாயிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிரும்னாங்க. ஈறு புண்ணானா கை ஏண்டி நீலமாகுதுன்னு ஒரு சத்தம் போட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி, ஊருக்கே தெரியும். ஆம்புலன்சுக்கு நானே போன் பண்ணினேன். அவ மக இசக்கியம்மா, ஏழு வயசு, வாசல்ல நின்னு அம்மா எங்க போறான்னு கேட்டுச்சு. பைபாஸ் ரோட்டுல லாரி மோதின அன்னைக்கு அப்பனையும் இப்படித்தான் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. அந்தப் பிள்ளைக்கு இனி இந்த உலகத்துல இருக்கறது அம்மா ஒருத்திதான். எதுத்த வீட்டு அன்னபாக்கியத்துக்கிட்ட பிள்ளையை விட்டுட்டு நான் வண்டியில ஏறினேன்.

தாலுகா ஆஸ்பத்திரியில நிலோஃபர்னு ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான், ஆனா பதறாத ஆளு. வள்ளிமயில் என்னென்ன மாத்திரை சாப்பிடுறான்னு கேட்டாங்க. ஒண்ணும் கெடையாது, தலைவலிக்குக்கூட தைலம்தான் போடுவான்னேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு காகிதத்தோட வந்தாங்க. சர்க்கரை ஒரேயடியா எறங்கியிருக்கு, பிரஷரும் எறங்கியிருக்கு, ரத்தம் உறையவே மாட்டேங்குது.

"பத்து பேர் சாப்பிட வேண்டிய மருந்து இந்த ஒரு உடம்புல கெடக்கு," அப்படின்னாங்க. "மூணு நாளா இவங்களுக்கு யார் என்ன குடுத்தீங்க?"

விசம் வச்சீங்களான்னு கேக்கறதை அந்தம்மா நாகரிகமாக் கேட்டாங்க. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. யாரும் எதுவும் குடுக்கலை, சாவு வீட்ல அடுப்பு எரியாது, தெருவே சமைச்சுக் கொண்டுவந்து ஊட்டினோம், மூணு நாளும் அவ வாயில விழுந்தது எங்க வீட்டுச் சோறும் எங்க கொல்லைக் கீரையும்தான்னு படபடன்னு சொன்னேன். சொல்லி முடிச்ச பிறகுதான் நான் என்ன சொன்னேன்னு என் காதுலயே விழுந்துச்சு.

நான் யாருங்கறதைச் சொல்லிடறேன். பேரு சீனித்தாய். எங்க ஊரு மேலச்செம்பூர், கரிசக்காடு. மூணு வருசமா மழை பொய்த்துப்போய், காய்கறி வண்டி வர்றதே நின்னுபோச்சு. ரேசன் அரிசி வந்துச்சு, பருப்பு வந்துச்சு, பச்சையா ஒரு இலையைக் கண்ணுல பாக்க முடியலை. பொம்பளைப் பிள்ளைக பள்ளிக்கூடத்துப் பிரேயர்ல நின்னுக்கிட்டே மயங்கி விழுந்துச்சுக. அப்பத்தான் நிறைவீடு திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. வீட்டுக்கு அஞ்சு செடி. கீரை, அவரை, கத்திரி, முருங்கை, பப்பாளி. அதைப் பாத்துக்க ஊருக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. புருசன் மஸ்கட்டுல, மக கோயமுத்தூர் ஹாஸ்டல்ல, நான் ஒருத்தியா வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். நான் வர்றேன்னு கையைத் தூக்கினேன்.

செடியைக் கண்டுபிடிச்ச கூட்டத்துல ஒருத்தர் ஜெரால்டுன்னு பேரு, மெட்ராசுக்காரர். அவர்தான் பள்ளிக்கூடத்துல வச்சு வெளக்கம் சொன்னார். வீட்டுச் சாக்கடைத் தண்ணியிலதான் செடியை வைக்கணும். குளிச்ச தண்ணி, வாய் கொப்பளிச்ச தண்ணி, துணி அலசின தண்ணி எல்லாம் அந்த வேருக்குப் போகணும். வேரோட ஒரு பூஞ்சை ஒட்டியிருக்கு. அந்தத் தண்ணியில இருக்கற வேர்வையையும் எச்சிலையும் வச்சு, இந்த வீட்டு மனுசங்க உடம்புல எது கொறையுதுன்னு பூஞ்சை கண்டுபிடிக்கும். கொறையறதைச் செடி செஞ்சு இலையில வைக்கும். நீங்க பறிச்சுச் சமைச்சுச் சாப்பிட்டா போதும்னார். எங்களுக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு. சாக்கடைக்கு இம்புட்டு மரியாதையான்னு கேலி பண்ணினோம்.

மொத வருசம் இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து அவ்வளவுதான். மயங்கி விழுந்த பிள்ளைக ஓட்டப் பந்தயம் ஓடுச்சுக. ரெண்டாம் வருசம் ஒரு பாட்டில் கொண்டுவந்து வேர்ல ஊத்தச் சொன்னார். இனிமே சத்து மட்டுமில்லை, சர்க்கரைக்கு, பிரஷருக்கு, தைராய்டுக்கு, வலிப்புக்கு, ரத்தம் கட்டாம இருக்க, எல்லாத்துக்கும் செடியே செஞ்சுக்கும்னார். எந்த வீட்டுச் செடி எதைச் செய்யுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். தெரிய வேண்டாம்னார். நோய்ப் பேரைச் சொன்னா ஊர்ல மறைப்பாங்க, செடியைப் பிடுங்கிப் போட்டுருவாங்க, தெரியாமலே குணமாகட்டும்னார். எனக்கும் அது நல்ல யோசனைன்னுதான் பட்டுச்சு. நோயைச் சொன்னா எங்க ஊர்ல பொண்ணு எடுக்கமாட்டாங்க, கைத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க, அதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன.

செடி குடுக்கறப்போ ஒரு அட்டையும் குடுத்தாங்க. அதுல ஏழாவது வரி, இந்த வீட்டு விளைச்சல் இந்த வீட்டாருக்கு மட்டும். நான்தான் ஒலிபெருக்கியில வாசிச்சேன். விருந்தாளி வந்தா என்ன செய்யன்னு அன்னபாக்கியம் கேட்டா. ஒரு வேளை, ரெண்டு வேளை சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு ஜெரால்டு சொன்னார். அது பொய்யில்லை. அப்போ எனக்கு இன்னொரு கேள்வி வாய் வரைக்கும் வந்துச்சு. சாவு வீட்டுக்கு மூணு நாள் சோறு கொண்டுபோவோமே, அதுக்கு என்ன செய்யன்னு. ஆனா தாம்பாளத்துல குங்குமம் வச்சு, செடிக்குப் பொட்டு வச்சு, கலெக்டர் ஆபீஸ்லருந்து ஆள் வந்து உக்காந்திருக்கற எடத்துல சாவைப் பத்தி எவ கேப்பா. நல்ல காரியம் நடக்கற எடத்துல வாயில அந்த வார்த்தை வரலாமான்னு முழுங்கிட்டேன். என்னைச் சுத்தி உக்காந்திருந்தவளுகள்லயும் நாலஞ்சு பேர் அதை முழுங்கியிருப்பாளுக, எனக்குச் சந்தேகமே இல்லை.

காசிராஜன் செத்த அந்த மூணு நாளும் நாங்க எப்படிச் செஞ்சோம்னு சொல்றேன். துக்கத்துல இருக்கறவளுக்கு முத்தின கீரையைக் குடுக்கலாமா. ஆளாளுக்குக் கொல்லைக்குப் போய், நுனிக் கொழுந்தாப் பாத்துக் கிள்ளினோம். வீட்டுக்கு வச்சுக்காத பிஞ்சு அவரையைப் பறிச்சோம். வந்திருந்த ஒறமொறை ஒரு வாய் சாப்பிட்டுட்டு அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. இசக்கியம்மா கீரையைக் கண்டா வாயை மூடிக்கும், அது பிஸ்கட்டும் தயிர்சோறும் தின்னுச்சு. வள்ளிமயில் வேண்டாம் வேண்டாம்னு தலையைத் திருப்பிக்கிட்டா. விடுவோமா. நீ கெடந்தா பிள்ளையை யாரு பாப்பான்னு சொல்லிச் சொல்லி, ஒருத்தி தாடையைப் பிடிக்க, ஒருத்தி உருண்டை பிடிச்சு ஊட்ட, எங்க வீட்டுது ஒரு வாய், எங்க வீட்டுது ஒரு வாய்னு தெரு முழுக்க வரிசையில நின்னு ஊட்டினோம். யாருமே அவளை விட்டுக்கொடுக்கலை.

ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு ஜெரால்டுக்குப் போன் பண்ணினேன். விசயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க்கா அவங்க வீட்லயே சமைக்கலை?"

இம்புட்டுப் படிச்சவன், வேர்வையில இருக்கற நோயைக் கண்டுபிடிக்கறவன், சாவு வீட்ல அடுப்பு எரியாதுங்கறது இவனுக்குத் தெரியலையேன்னு இருந்துச்சு எனக்கு. அவங்க ஊர்ல சாவுன்னா ஓட்டல்லருந்து பொட்டலம் வரும் போல. கொழுந்தையா குடுத்தீங்கன்னு அடுத்துக் கேட்டார். கொழுந்துலதான் மருந்து நாலு மடங்குன்னார். அட்டையில அது இல்லையேன்னேன். கொழுந்தைக் கிள்ளினா செடி வளராது, அதனால யாரும் கிள்ளமாட்டாங்கன்னு நெனச்சோம்னார். அவர் அன்னைக்கே கெளம்பி வர்றதாச் சொன்னார்.

அப்புறம் நான் செஞ்சதுதான் பெரிய கூத்து. நர்சம்மாவை வள்ளிமயில் பக்கத்துல இருக்கச் சொல்லிட்டு நேரா ஊருக்கு வந்தேன். மொதல்ல என் கொல்லையிலதான் கை வச்சேன். அஞ்சு செடியையும் வேரோட பிடுங்கினேன். அப்புறம் தெருவுல எறங்கி வீடு வீடாப் போய் எல்லாரையும் பிடுங்க வச்சேன். அன்னபாக்கியம் மறிச்சா. நாளைக்குக் கொழம்புக்கு என்னத்தப் போடறது மதினி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னா. மண்ணைப் போட்டுக் கொதிக்க வையின்னு சொல்லிட்டு அவ கீரையை நானே பிடுங்கினேன். எல்லாத்தையும் களத்துல குவிச்சுத் தீ வச்சேன். பச்சைச் செடி லேசுல எரியலை, மண்ணெண்ணெய் ஊத்தினேன். மூணு வருசம் ஊருக்குச் சோறு போட்டது அரை மணி நேரத்துல சாம்பலாச்சு. எனக்கு அப்போ நெஞ்சு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போனா ஜெரால்டு வந்து உக்காந்திருந்தார். ரெண்டு கண்ணும் செவந்து கெடந்துச்சு. வள்ளிமயிலுக்குச் சர்க்கரையும் பிரஷரும் மேல வந்துருச்சாம். ரத்தம் மட்டும் நிக்கலை. மூக்குல பஞ்சு வச்சிருந்தாங்க, அது நனைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. என்னைப் பாத்து மதினின்னு உதட்டை அசைச்சா, சத்தம் வரலை.

டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் வெளிய கூட்டிட்டு வந்து பேசினாங்க. ரத்தத்தை இளக்கற மருந்து எங்கயோ ஒரு வீட்டுச் செடியிலருந்து உள்ள போயிருக்கு. செடி அதை மூணு விதமாச் செய்யும்னு ஜெரால்டு சொன்னார். கால் நரம்புல ரத்தம் கட்டியிருந்தா ஒரு விதம், இதய வால்வு கெட்டிருந்தா ஒரு விதம், இதயம் தாளம் தப்பி அடிச்சா ஒரு விதம். மூணுக்கும் மூணு முறிவு மருந்து. மூணும் பெரியாஸ்பத்திரியிலருந்து வந்து பெட்டியில இருக்கு. மாத்திப் போட்டா ரத்தம் அப்படியே மூளையில கட்டிரும். இவ ரத்தத்தைச் சோதிச்சுப் பார்க்கலாம்னா அதுல இத்தனை மருந்து கலந்து கெடக்கு, பிரிச்சுச் சொல்ல மூணு நாளாகும்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்கு மேல இந்த உடம்பு தாங்காது," அப்படின்னாங்க டாக்டரம்மா.

அதுக்கென்ன, இலையைக் குடுங்க, ஒரு மணி நேரத்துல எதுன்னு சொல்லிடறேன்னு ஜெரால்டு தன்னோட சோதனைப் பெட்டியைத் தொறந்தார். வீட்டுக்கு ஒரு இலை போதும்க்கா, காஞ்ச இலையா இருந்தாக்கூடப் பரவாயில்லைன்னார். ஒரு இலை மிச்சமில்லாம நேத்தே எரிச்சுட்டேன்னு சொன்னேன். அவர் பெட்டியை மூடிட்டுத் தலையில கையை வச்சுத் தரையிலயே உக்காந்துட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

டாக்டரம்மாதான் வழி சொன்னாங்க. இலை இல்லைன்னா போகட்டும், நோய் தெரிஞ்சா போதும். எந்த வீட்ல யாருக்கு என்ன நோய்னு தெரிஞ்சா, செடி எதைச் செஞ்சிருக்கும்னு இவர் சொல்லிருவார். ஊர்ல போய்க் கேளுங்க, இதய நோயோ கால்ல ரத்தக்கட்டோ இருக்கற அந்த ஒரு வீடு வேணும்னாங்க. நான் திட்டத்துப் பதிவேட்டை எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். எங்க தெருவுல வள்ளிமயில் வீடு போக பதினோரு வீடு எழுதியிருந்துச்சு.

மொத வீட்லயே எங்களுக்கு ஒண்ணும் கெடையாது, கல்லைத் தின்னாலும் செரிக்கும்னாங்க. ரெண்டாவது வீட்லயும் அதே பேச்சு. எனக்குக் கோவம் மண்டைக்கேறிருச்சு. அவ அங்க ரத்தம் கக்கிக்கிட்டுக் கெடக்கா, பொய் சொல்ற நேரமா இது, ஏழு வயசுப் பிள்ளை அநாதையாப் போகும், அந்தப் பாவம் உங்க தலைமுறைக்கும் ஒட்டும்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கதவைச் சாத்தினவங்க தொறந்தாங்க. ஒரு வீட்ல மாமனாருக்குச் சர்க்கரை, மகனுக்கே தெரியாதாம். ஒரு வீட்டு மருமகளுக்குத் தைராய்டு, கொழந்தை தங்காததுக்கு அதுதான் காரணம்னு மாமியாருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, என் முன்னாலயே சண்டை ஆரம்பிச்சுருச்சு. ஒருத்தன் குடியால கல்லீரல் போனதை ஒத்துக்கிட்டான். ஒரு மனுசன் தன்னோட மனசுக்கு மாத்திரை சாப்பிடறதைச் சொல்லிட்டு, சைக்கிள் கடையில யாருக்கும் சொல்லிராதீங்கன்னு கையைப் பிடிச்சான். நான் எல்லாத்தையும் எழுதிக்கிட்டே போனேன். ஒருத்தர் முகத்தையும் நிமிந்து பாக்கலை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வீடு, அது கெடைக்கலை. பத்து வீடு முடிஞ்சப்போ மணி ரெண்டரை.

மிச்சம் அன்னபாக்கியம் வீடு ஒண்ணுதான். அவ மக ரேணுகாவுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி, வள்ளிமயிலுக்குத் துட்டி விசாரிக்க வந்தவ, அவ வீட்டுக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்திருந்தா. இசக்கியம்மா அவ காலடியில படம் வரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. நான் வாசல்ல நின்னு கேட்டதும் அன்னபாக்கியம் கண்ணைக் காட்டினா, அப்புறம் வா மதினின்னு. அந்தக் கண்ணைப் பாத்ததுமே இவதான்னு எனக்கு முடிவாயிருச்சு. மறைக்கறா, இவ வீட்லதான் இதய நோய், கல்யாணத்துக்காக மறைக்கறான்னு.

எங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா. உள்ள போய் அவ கையைப் பிடிச்சு இழுத்து, இந்தப் பிள்ளை மூஞ்சியைப் பாத்துட்டு அதைச் சொல்லுன்னேன். அந்த அத்தை எந்திரிச்சு என்ன விசயம்னு கேட்டா. நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தம்மாவை வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அந்த நேரத்துல எனக்கு அதெல்லாம் தோணலை. இவ வீட்ல யாருக்கோ நோய் இருக்கு, சொல்லமாட்டேங்கறா, அங்க ஒருத்தி சாகப்போறான்னு அந்தம்மா காதுலயே போட்டேன்.

அன்னபாக்கியம் என்னையே பாத்தா. அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"ரேணுகாவுக்கு வலிப்பு," அப்படின்னா. "எட்டு வயசுலருந்து. செடி வந்த பிறகு ஒருக்காகூட வரலை. போதுமா மதினி?"

அந்த அத்தை செருப்பை மாட்டிக்கிட்டுப் படியிறங்கிப் போயிட்டா. உள்ள ரேணுகா அழற சத்தம் கேட்டுச்சு. நான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வலிப்பு எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது வலிப்பில்லை. இதயத்துல ஒண்ணுமில்லையா, கால்ல வீக்கம் இல்லையான்னு மறுபடியும் கேட்டேன், வெக்கங்கெட்டு. இல்லைன்னா. பதினோரு வீடும் முடிஞ்சுச்சு. நான் இத்தனை பேர் மானத்தையும் தெருவுல இழுத்துப் போட்டு, வள்ளிமயிலுக்குச் செஞ்சது ஒண்ணுமே இல்லை. அவ வீட்டுப் படியிலயே உக்காந்து, எவளோ பொய் சொல்றா அன்னம், எவளோ இன்னும் மறைக்கறான்னு அழுதேன்.

அன்னபாக்கியம் என் பக்கத்துல வந்து நின்னா. அவ குரல்ல கோவமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கலை.

"எல்லா வீட்டையும் கேட்டீங்க. உங்க வீட்டைக் கேட்டீங்களா? மூணு நாளும் ரெண்டு வேளையும் உங்க தூக்குச்சட்டிதான் மொதல்ல வந்துச்சு."

பதிவேட்டைப் பெரட்டினேன். என் வீடு அதுல இல்லை. செடியைப் பாத்துக்கற ஆளுக்கு மாதிரிக்காகக் குடுத்த செடின்னு எங்க வீட்டை அவங்க பட்டியல்லயே சேக்கலை. கேக்கற எடத்துல நாம நின்னுட்டா, பதில் சொல்ல வேண்டியவ நாமதான்னு தோணுமா. எனக்கென்ன நோய், நான் என்ன நோக்காட்டுக்காரியான்னு அன்னபாக்கியத்துக்கிட்ட சொல்ல வாயெடுத்தேன். அன்னைக்குக் காலையிலருந்து பத்து வீட்ல எனக்குச் சொன்ன பதில் அதேதான். வாயை மூடிக்கிட்டேன்.

ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனப்போ மணி நாலு. வள்ளிமயிலுக்கு மூச்சு சின்னதாப் போயிருச்சு. டாக்டரம்மாகிட்ட பட்டியலை நீட்டினேன். இதுல இல்லை டாக்டரம்மா, விட்டுப்போனது என் வீடு ஒண்ணுதான்னேன். உங்க வீட்ல யாருக்கு என்னன்னு கேட்டாங்க.

"யாருமில்லை," அப்படின்னேன். "நான் மட்டும்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்லை."

அவங்க பட்டியலைக் கீழ வச்சுட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. ரொம்ப நேரம் பிடிச்சிருந்தாங்க. அப்புறம் நெஞ்சுல குழாயை வச்சுக் கேட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாங்க. ஒரு மெசினைக் கொண்டுவரச் சொல்லி நெஞ்சுலயும் கையிலயும் ஒட்டினாங்க. காகிதம் வந்துச்சு. அதை ஜெரால்டுகிட்ட நீட்டி, தாளம் தப்புது, ரொம்ப நாளாவே தப்பியிருக்கணும்னாங்க. அப்ப மூணாவதுன்னு ஜெரால்டு முறிவு மருந்துப் பெட்டியிலருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். நர்சம்மா அதை வாங்கி ஊசியில ஏத்தினாங்க.

நான் பக்கத்துக் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வள்ளிமயில் மூக்குப் பஞ்சையே பாத்துக்கிட்டிருந்தேன். என் கையால ஊட்டினது. என் கொல்லையில, எனக்காக வெளைஞ்சது. எனக்கு உசிரு குடுத்துக்கிட்டிருந்ததைத்தான் நான் கொழுந்தாக் கிள்ளி அவளுக்கு எமனா ஊட்டியிருக்கேன். எனக்கு நோய் இருக்குங்கறதுகூட அப்போ மனசுல ஏறலை. அது யாருக்கோ இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு நர்சம்மா பஞ்சை மாத்தினாங்க. அடுத்த பஞ்சு லேசா நனைஞ்சுச்சு. அதுக்கடுத்த பஞ்சு வெள்ளையாவே இருந்துச்சு. வள்ளிமயில் கண்ணைத் தொறந்து, பிள்ளை சாப்பிட்டுச்சான்னு கேட்டா. சத்தம் வந்துச்சு. நான் ஓன்னு அழுதுட்டேன்.

பிழைச்சுக்கிட்டாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, இசக்கியம்மாகிட்ட நானே போய்ச் சொல்லிட்டு, அப்படியே அன்னபாக்கியம் காலைப் பிடிச்சுட்டு வந்துடறேன்னு பையை எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் போகணும், ரேணுகாவுக்கு நான்தான் பேசணும்னேன். டாக்டரம்மா நில்லுங்கன்னாங்க.

"உங்க செடியை எப்போ பிடுங்கினீங்க?"

"நேத்து மத்தியானம்."

"அதுக்கு அப்புறம் அதுலருந்து ஒரு வாய் சாப்பிட்டீங்களா?"

எதுவுமே சாப்பிடலைன்னேன். தெரு முழுக்க ரெண்டு தடவை நடந்ததையும், ஆட்டோ வரலைன்னு பாதி தூரம் ஓடினதையும் சொன்னேன். டாக்டரம்மா ஜெரால்டைப் பாத்தாங்க. செடி மருந்து இப்படிச் சட்டுன்னு நின்னா இவங்களுக்கு ரத்தம் எத்தனை நேரத்துல கட்டும்னு கேட்டாங்க. அவர் என்னைப் பாக்காம, ஒரு நாள், மிஞ்சிப்போனா ஒண்ணரை நாள்னார். இதுக்கு மேல பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும், வண்டிக்குச் சொல்லுங்கன்னு டாக்டரம்மா எந்திரிச்சாங்க. என் கையிலருந்து பையை வாங்கிக் கீழ வச்சாங்க.

"சிஸ்டர், இவங்களைப் படுக்க வைங்க. இனிமே ஒரு அடி நடக்க விடாதீங்க."